எதிர்வீட்டு ஆம்புலன்ஸ்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்த ஆம்புலன்ஸ் நல்ல வெள்ளையா, வெயிலில் பழுத்த வெள்ளையா என்று யாராவது கேட்டால் தடுமாறுவேன். நகர மன்றத்தில் முதலில் தீர்மானம் போட்டார்களா, கதவு எண் தகட்டை முதலில் அடித்துவிட்டுப் பிறகு தீர்மானம் போட்டார்களா என்பதிலும் குழப்பம் உண்டு. நடந்ததில் பாதி நடக்கவேயில்லை என்று பின்னால் பொறுப்பான ஆட்கள் எங்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சொந்தக் கண்ணின்மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். சந்தேகப்படும் கண்களோடுதான் எனக்குப் பிழைப்பு.

தகடு மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீலத் தகடு, வெள்ளை எழுத்து. டிரைவர் ஏறும் கதவில் நான்கு ஆணி வைத்து அடித்திருந்தார்கள். ஒரு ஆணி கோணலாக இறங்கியிருந்தது.

எங்கள் சந்து ஒருபக்கம் அடைபட்டது. மறுபக்கம் மெயின் ரோட்டில் போய்ச் சேரும். என் கடையை ஒட்டிப் பூட்டுக்காரர் கடை. கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் அவரும் அவருடைய அக்காவும் குடியிருந்தார்கள். அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்தது அக்காதான். இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகும் அவர் வளர்ப்பதை நிறுத்தவில்லை.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப் பல வருஷமாகியிருந்தது. கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மூச்சு குறைவு என்பதால் பேச்சிலும் சிக்கனம். ஆகவே ஒவ்வொரு சொல்லும் உறைக்கும். சாவி தொலைந்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால், "நீங்க தொலைச்சீங்களா, இல்ல வீட்டுல பூட்டையே மாத்திட்டாங்களா?" என்பார். வந்தவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்பார். பூட்டுக்காரர், "அக்கா, சும்மா இரு" என்று கெஞ்சுவார். "நான் சும்மாதான்டா இருக்கேன். வாய்தான் வேலை செய்யுது" என்பார் அக்கா.

ஒருமுறை அவருக்கு மூச்சு அடியோடு நின்றுவிடும்போல ஆனது. நகர மன்றத்தின் அவசர எண்ணுக்குப் பூட்டுக்காரர் ஃபோன் செய்தார். வைத்த கை எடுப்பதற்குள் என்பார்களே, அப்படி வந்து நின்றது வண்டி. டிரைவர் அக்காவைக் குழந்தைபோலத் தூக்கிப் படுக்க வைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயைப் பொருத்தினார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அக்காவின் உதட்டில் நிறம் திரும்பிவிட்டது. "இவ்ளோ நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டு கூப்பிடாதீங்க. அக்காவுக்கு வேண்டியது காத்து. அது இந்த வண்டியில இருக்கு" என்றார் டிரைவர். பூட்டுக்காரர் சாமி கும்பிடாத மனிதர். அன்று முதல் அந்த வண்டியைக் கும்பிடாத குறைதான்.

அந்தச் சமயத்தில்தான் மன்றத்துக்குப் பணமுடை வந்தது. வீண்செலவைக் குறைப்பது எப்படி என்று கூடிப் பேசுவதற்காக அவர்கள் ஒரு சிக்கன மண்டபம் கட்டியிருந்தார்கள். பளிங்குத் தரை, குளிர்சாதனம், சாய்ந்தால் தூக்கம் வரும் நாற்காலிகள். அந்த மண்டபத்தின் கடனை அடைக்க இன்னொரு கடன் தேவைப்பட்டது. அசையாச் சொத்து இருந்தால்தான் தருவோம் என்றது வங்கி. மன்றத்தின் எல்லாக் கட்டடங்களும், சிக்கன மண்டபம் உட்பட, ஏற்கனவே அடமானத்தில் இருந்தன.

தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருந்த நானும் பூட்டுக்காரரும் இதற்காகக் கூடிய கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து கேட்டோம். நிதி அலுவலர் எழுந்தார். ஒல்லியான, மென்மையான குரல் கொண்ட மனிதர். யாரையும் நோகப் பேசாதவர் என்று பெயர்.

"மன்றத்தாருக்கு ஒரே ஒரு கேள்வி. நம்முடைய ஆம்புலன்ஸ் ஒரு நாளில் அதிக நேரம் ஓடுகிறதா, நிற்கிறதா? நிற்கிறது. நிற்பதுதான் அதன் இயல்பு. ஓடுவது எப்போதாவது நேரும் விபத்து. விபத்தை வைத்து ஒரு பொருளின் தன்மையை முடிவு செய்வது நியாயமா? பெரும்பாலும் நிற்கிற பொருளுக்கு என்ன பெயர்? அசையாச் சொத்து."

ஓர் உறுப்பினர் எழுந்து, "அப்படிப் பாத்தா நாற்காலியும்தானே நிக்குது?" என்று கேட்டார்.

"நாற்காலிக்குக் கூரை இருக்கா? இதுக்குக் கூரை இருக்கு, கதவு இருக்கு, ஜன்னல் இருக்கு, படுக்க இடம் இருக்கு. நமக்கு ஓட்டுப் போட்டவங்க இதைவிடச் சின்ன இடத்துல குடும்பமே நடத்துறாங்க. அதை வீடுன்னு சொல்லி வரி வாங்குறோம். இதை மட்டும் வண்டின்னு சொன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

மண்டபத்தில் பலமான கைதட்டல். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணாடி என் கடையில் செய்தது.

ஆம்புலன்ஸ் கட்டடம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீயணைப்பு வண்டிக்கு ஏணி இருந்ததால் அதை மாடிக் கட்டடமாகப் பதிந்துகொண்டார்கள். இரண்டுக்கும் மன்றமே வரி விதித்து, மன்றமே கட்டியது. வாங்கியதை வரவில் எழுதினார்கள். கட்டியதை எழுத இந்த வருஷம் இடமில்லை என்று தள்ளி வைத்தார்கள். அந்த ஆண்டு நகரத்தின் வருமானம் உயர்ந்துவிட்டதாக முச்சந்தியில் பலகை வைத்தார்கள்.

கட்டடத்துக்கு டிரைவர் எதற்கு? அந்தப் பதவியை ஒழித்துவிட்டு அவரைக் காவலாளியாக்கினார்கள். ஒரு தடியும் விசிலும் கொடுத்தார்கள். வண்டிச் சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கட்டடத்துக்கு இன்ஜின் சாவி என்று ஒன்று கிடையாதே.

பூட்டுக்காரர் வந்து சொன்னதை அக்கா முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப அதுக்கு வெள்ளையடிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பூட்டுக்காரருக்குத் தூக்கம் போயிற்று. கூப்பிட்டால் இனி வருமா, வராதா? என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அனுமதிப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த மேடம் எங்களை உட்காரச் சொன்னார். அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

"ஏன் வராது? தாராளமா வரும். முறையா அனுமதி வாங்கினா எந்தக் கட்டடமும் எங்க வேணாலும் வரலாம். இங்க இடிக்க ஒரு அனுமதி, உங்க வாசல்ல கட்ட ஒரு அனுமதி. அவ்ளோதான்."

"இடிப்பீங்களா மேடம்?" பூட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சேச்சே. காகிதத்துலதான். நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும் என்றார். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். ஒரு கட்டடத்தைத் தாங்கும் வலு எங்கள் சந்துக்கு உண்டா என்று மண் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். மறுநாள் ஒருவர் வந்து பூட்டுக்காரர் வாசலில் குழி தோண்டி, கைப்பிடி மண்ணை மோந்து பார்த்து, பையில் போட்டுக்கொண்டு போனார். குழியை மூடுவது வேறு பிரிவு என்பதால் அதை நாங்களே மூடினோம். எல்லாம் கூடி வந்த பிறகு மேடம் பேனாவைத் திறந்தார்.

"தேதி?"

"எதுக்கு மேடம்?"

"மூச்சுத் திணறலுக்கு. எந்தத் தேதியில வருதோ அந்தத் தேதிக்குத்தானே அனுமதி தர முடியும்?"

"அது எப்படிங்க முன்கூட்டியே..."

"மனுவுல நீங்கதான் எழுதியிருக்கீங்க, பல வருஷ நோயாளின்னு. புது ஆளுங்க தடுமாறினா ஒத்துக்கலாம். இவ்ளோ அனுபவம் இருக்கறவங்க ஒரு தேதி சொல்ல மாட்டீங்களா?"

பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அக்காவிடம் கேட்டார். அக்கா விரல் விட்டு யோசித்தார். "வியாழக்கிழமை போடு. புதன்கிழமை எனக்குத் துணி துவைக்கற வேலை இருக்கு."

வியாழக்கிழமை வந்தது. அக்கா காலையிலேயே தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி வாசலில் உட்கார்ந்திருந்தார். மாதக்கணக்கில் அவ்வளவு தெளிவாக அவர் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. டிரைவர், மன்னிக்கவும், காவலாளி, கட்டடத்தைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். சந்து அவ்வளவுதான் அகலம். இருபுறமும் ஓர் ஆள் உடம்பைச் சாய்த்துப் போகலாம். பின்னால் தலைவரும் நிதி அலுவலரும் மேடமும் நடந்து வந்தார்கள். தலைவர் நாடாவை வெட்டினார்.

"நோயாளி எங்க?" என்று மேடம் சுற்றிலும் பார்த்தார்.

"நான்தான்" என்றார் அக்கா.

"நல்லாத்தானே இருக்கீங்க?"

"மன்னிச்சுக்கங்க." அக்கா உண்மையிலேயே கூச்சப்பட்டார். "நாளைக்கு முயற்சி பண்றேன்."

"இவ்ளோ செலவு பண்ணி ஏற்பாடு செஞ்சிருக்கோம்" என்று தலைவர் வருத்தத்தோடு பூட்டுக்காரரைப் பார்த்தார். பூட்டுக்காரர் தன் அக்கா சாகக் கிடக்காததற்காகத் தலைகுனிந்து நின்றார். நான் அப்போது சிரிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரவில்லை.

எல்லோரும் கிளம்பினார்கள். வண்டி மட்டும் கிளம்பவில்லை. இங்கே வருவதற்குத்தான் அனுமதி வாங்கியிருந்தது. திரும்பிப் போவதற்கு யாரும் மனுப் போடவில்லை. மறுநாளே பூட்டுக்காரர் அதற்கும் ஒரு மனுப் போட்டார். பழைய இடத்தில் இப்போது தலைவர் காருக்கு நிழற்கூடம் கட்டியாகிவிட்டது, ஆகவே இடிக்கலாம், ஆனால் கட்ட இடமில்லை என்று பதில் வந்தது. ஊரில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வது என்று பூட்டுக்காரர் கேட்டார். மற்ற நோயாளிகள் யாரும் ஆட்சேபணைக் கடிதம் தரவில்லையே என்றார் மேடம்.

பூட்டாத கட்டடம் ஆபத்து என்று அடுத்து ஓர் உத்தரவு வந்தது. முன்சக்கரத்தில் இரும்புப் பட்டை போட்டுப் பூட்ட வேண்டும். அக்கம்பக்கத்தில் பூட்டுக்காரர் இருந்தால் அவரிடமே வேலையைக் கொடுத்துச் சிக்கனம் செய்யவும் என்றும் அதில் எழுதியிருந்தது. அவருக்கு வேலையைப் பாதியாகச் செய்யத் தெரியாது. அது அவருடைய சுபாவம். கம்பி போட்டால் சிக்கும்படி, அடித்தால் இன்னும் இறுகும்படி உள்ளே என்னென்னவோ வைத்தார். சாவி இரண்டையும் உறையில் போட்டு ஒட்டி மன்றத்தில் ஒப்படைத்தார். நகல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். அவரும் வைத்துக்கொள்ளவில்லை.

சும்மா நிற்கும் கட்டடத்தால் வருமானம் இல்லை என்று நிதி அலுவலர் வருந்தினார். ஆகவே அதை வாடகைக்கு விட்டார்கள். எடுத்தது மன்றத்தின் அவசர சேவைப் பிரிவு. நோயாளி படுக்கும் இடத்தில் ஒரு மேஜை வந்தது. மேஜைமேல் அவசர எண் தொலைபேசி. அதன் பின்னால் ஓர் எழுத்தர். அலுவலகத்துக்குள் கேஸ் சிலிண்டர் வைக்க உரிமம் இல்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரைக் கிடங்குக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எழுத்தர் நல்லவர். பெண்ணுக்குப் பார்வை சோதிக்க என் கடைக்கு வந்தபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அந்த அளவுக்குப் பயந்தவர். அக்கா அவருக்கு ஃபைல் தம்பி என்று பெயர் வைத்தார். ஆம்புலன்ஸுக்கு எதிர்வீடு.

"டேய், எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு டீ குடு" என்பார் தம்பியிடம். "ஃபைல் தம்பி, இன்னிக்கு யாருக்காவது அவசரமா?"

"மூணு பேர் கூப்பிட்டாங்கக்கா. மனுப் போடச் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க கூப்பிடலக்கா."

எழுத்தர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்காவும் மேலே கேட்க மாட்டார்.

தினமும் காலையில் எழுத்தர் வருவதற்கு முன் காவலாளி முன்பக்கம் ஏறி இன்ஜினைக் கொஞ்சநேரம் ஓட்டி அணைப்பார். ஒருநாள் எழுத்தர் சீக்கிரம் வந்துவிட்டார். "என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"கட்டடத்துக்குக் கொஞ்சம் இருமல் சார்."

"என்கிட்டேருந்து தொத்திக்கிச்சு" என்றார் அக்கா வாசலிலிருந்து. எழுத்தர் அதைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. அவர் செய்த முதல் தைரியமான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு ஒருநாள் மதியம் நல்ல மழை. நான் ஒரு கண்ணாடிக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தேன். பூட்டுக்காரர் கத்தியது கேட்டு ஓடினேன். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. வாய் திறந்திருந்தது. உள்ளே எதுவும் போகவில்லை.

பூட்டுக்காரர் மழையில் பாய்ந்து ஆம்புலன்ஸின் பின்கதவைத் தட்டினார். "சார், அக்காவுக்கு வந்துடுச்சு சார்!"

எழுத்தர் கதவை விரியத் திறந்தார். முகத்தில் ரத்தமில்லை. "நேர்ல சொன்னா பதிவாகாது அண்ணே. ஃபோன்ல சொல்லுங்க. ஓடுங்க, ஃபோன்ல சொல்லுங்க."

பூட்டுக்காரர் கடைக்கு ஓடி ஃபோனை எடுத்து எண்ணைச் சுழற்றினார். பத்தடி தூரத்தில், திறந்த கதவுக்குள், மேஜைமேல் மணி அடித்தது. எழுத்தர் எடுத்தார். மழைக்கு நடுவில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"அவசர சேவைப் பிரிவு. வணக்கம். உங்க பிரச்சனை என்ன?"

"எங்க அக்காவுக்கு மூச்சு விட முடியல."

"முகவரி சொல்லுங்க."

"உங்க எதிர்லதான் சார்."

"முகவரிண்ணே. தயவு செஞ்சு முகவரி சொல்லுங்க." எழுத்தர் அழுதுகொண்டிருந்தார்.

பூட்டுக்காரர் முகவரியைச் சொன்னார். எழுத்தர் எழுதினார். உடனே அனுமதிப் பிரிவை அழைத்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் மெதுவாகத் தொலைபேசியை வைத்தார். "மேடம் சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க."

வாடகை வண்டி பிடிக்கலாம் என்று நான் மெயின் ரோட்டுக்கு ஓடினேன். எந்த வண்டி வந்தாலும் சந்துக்குள் நுழைய முடியாது, வாயிலேயே ஆம்புலன்ஸ் நிற்கிறது. அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மழையில் யாருமே நிறுத்தவில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன்.

வந்தபோது நான் பார்த்ததை மட்டும் மறக்க முடியாது. எழுத்தர் தன் மேஜையைத் தானே தூக்கி மழையில் வைத்துக்கொண்டிருந்தார். அதன்மேல் இருந்த கோப்புகள் நனைந்து, நூல் அவிழ்ந்து, சாக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. தொலைபேசி மணி அடித்துக்கொண்டேயிருந்தது. யாருக்கோ அவசரம். அவர் எடுக்கவில்லை. காவலாளி தடியைத் தூக்கி எறிந்துவிட்டு டிரைவர் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். "பூட்ட மட்டும் கழட்டுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று கத்தினார்.

பூட்டுக்காரர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் மண்டியிட்டிருந்தார். கம்பி போட்டார். சிக்கியது. வேறு கம்பி போட்டார். அதுவும் சிக்கியது. எழுத்தர் சுத்தியலைக் கொண்டுவந்து நீட்டினார். "அடிச்சா இறுகும். நான்தான் அப்படி வெச்சேன்" என்று பூட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவருக்குக் குடை பிடித்தேன். அந்த மழையில் அது ஒரு பிரயோஜனமும் இல்லாத காரியம். ஆனால் எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அக்கா வாசல் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மழை மட்டும் கேட்டது.

"யாரு... செஞ்ச... பூட்டு?"

"நான்தான்க்கா."

"நல்லா... செஞ்சிருக்க."

பூட்டுக்காரர் ஓவென்று அழுதார். அழுதபடியே விரலால் துழாவினார். ஏதோ ஒரு கணத்தில் உள்ளே எங்கோ ஒன்று விலகிப் பட்டை கழன்று விழுந்தது. இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அத்தனை காலையும் காவலாளி அதைப் பட்டினி போடாமல் வைத்திருந்ததற்குப் பலன்.

அக்காவை மேஜை இருந்த இடத்தில் படுக்க வைத்தோம். தலை தம்பியின் மடியில். ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஒரு நாட்காட்டி மாட்டியிருந்தது. கடைத்தெரு திருப்பத்தில் டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார். கடைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"ஓடுதுடா" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரும்வரை பூட்டுக்காரர் அவரோடு பேசிக்கொண்டே வந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போதுதான் குடையை இன்னும் விரித்தே பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

சிக்கன மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைவர் நெடுநேரம் பேசினார். "நோயாளிக்கும் ஆம்புலன்ஸுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் என்ன என்று உலகமே மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறது. நம் நகரத்தில் அது பத்தடி. இவ்வளவு பக்கத்தில் அவசர சேவை இருந்தும் ஒருவர் போய்ச் சேர்கிறார் என்றால், அது விதி. விதியை எதிர்த்து இந்த மன்றம் எந்தத் தீர்மானமும் போட முடியாது."

கூட்டம் முடிந்ததும் பூட்டுக்காரர் நிதி அலுவலர் முன்னால் போய் நின்றார். நானும் கூட நின்றேன்.

"சார், பூட்டைத் தொறந்தது நான்தான். அனுமதி இல்லாம கட்டடத்தை எடுத்துக்கிட்டுப் போனோம். என்ன தண்டனையோ குடுத்துடுங்க."

நிதி அலுவலர் அவர் தோளைத் தொட்டார். "எந்தக் கட்டடம்?"

"ஆம்புலன்ஸ் சார்."

"அது அங்கேயேதானே நிக்குது? பூட்டும் அப்படியே இருக்கு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தோம். நின்றுகொண்டிருந்தது. காரியம் முடிவதற்குள் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பட்டையை மாட்டிப் பூட்டியிருந்தார்கள். உறையிலிருந்த சாவிகள் அதற்கு மட்டும் பயன்பட்டன. திரும்பி வந்தோம்.

"ஊரே பாத்துச்சு சார், ஓடினதை."

"ஊர் பாக்கறது வேற, வங்கி பாக்கறது வேற. ஓடிச்சுன்னா அது கட்டடம் இல்ல. கட்டடம் இல்லன்னா கடன் இல்ல. கடன் இல்லன்னா இந்த மண்டபம் இல்ல. அப்புறம் உங்க அக்காவுக்கு எங்க இரங்கல் கூட்டம் போடறது?" அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "நடக்காத காரியத்துக்கு நாங்க எப்படித் தண்டனை குடுக்கறது? துக்கத்துல இருக்கீங்க. துக்கத்துல கட்டடமெல்லாம் ஓடற மாதிரிதான் தெரியும். வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

பூட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓடியது என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். சொன்னேன். நிதி அலுவலர் என்னிடமும் அதே பரிவோடு, "கண்ணாடிக்காரர் நீங்க. உங்க கண்ணைக் கொஞ்சம் சோதிச்சுக்கங்க" என்றார்.

அவர் பிறகு இதைவிடப் பெரிய நகரம் ஒன்றுக்குப் பதவி உயர்வில் போனார். அங்கே பேருந்துகள் அதிகம் என்று கேள்வி. தலைவர் மறுபடியும் தலைவரானார். மேடம் ஓய்வு பெற்றார். கோப்புகளை மழையில் நனைத்ததற்காக எழுத்தரை வேலையை விட்டு நீக்கினார்கள். மழை பெய்ததை மன்றம் ஒப்புக்கொண்டது. இப்போது அவர் என் கடையில் கணக்கு எழுதுகிறார். ஃபோன் மணி அடித்தால் எடுப்பதில்லை, நான்தான் எடுக்க வேண்டும். டிரைவர் வேறு ஊருக்குப் போய் லாரி ஓட்டுகிறார்.

பூட்டுக்காரர் இன்னும் கடை வைத்திருக்கிறார். சாவிதான் செய்கிறார். பூட்டு செய்வதில்லை. வாசல் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. ஆம்புலன்ஸ் சந்திலேயே நிற்கிறது. டயர்கள் அமுங்கிவிட்டதால் இப்போது கொஞ்சம் கட்டடம்போலத்தான் தெரிகிறது.

அக்கா கடைத்தெரு திருப்பத்தில், ஓடிக்கொண்டிருந்த வண்டியில், ஜன்னலைப் பார்த்தபடி இறந்தார். மன்றம் கொடுத்த இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் என்று போட்டிருப்பது அந்த நீலத் தகட்டில் இருக்கும் கதவு எண்.